பதில் வரேல்லை எண்டால் செத்துப்போச்சு எண்டு அர்த்தமா?

கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள். புரோகிராமிங் எங்கட பாடமில்லை. ஆனா கிளவுட் கணினிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினபோது ஒரு கேள்வி எங்களை விடவில்லை: ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதா, இல்லை வழிதான் அறுந்துபோச்சா?

முதலில் ஒரு பட்டியல்தான் இருந்தது. 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட்டில் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்பதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்கு அறிவிக்கவேணும். கணினிகள் பெருக அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். பட்டியல் பல இடங்களுக்குப் பிரிந்தது.

கிளவுட்டில் முகவரி நிமிசத்துக்கு நிமிசம் மாறும். ஒரு சேர்வர் விழும். அதே வேலைக்கு இன்னொன்று வேறு முகவரியில் எழும்பும். இது இடம்பெயர்ந்த சனத்துக்குச் சொல்லாமலே விளங்கும். 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் செல் விழுந்தது. நோயாளரும் ஊழியரும் புதுமாத்தளனுக்குப் போனார்கள். காயக்காரரைத் தூக்கிக்கொண்டு வாறவர் முதலில் கேட்கவேண்டியது, 'ஆஸ்பத்திரி இப்ப எங்க?' என்பதைத்தான். கணினிக்காரர் இந்தத் தேடலுக்கு வைத்த பெயர் சேர்விஸ் டிஸ்கவரி.

தேடிப் போகும் இடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஹெல்த் செக். நெட்ஃபிளிக்ஸ் 2012இல் வெளியிட்ட யுரேக்காவில் ஒவ்வொரு சேர்வரும் 30 செக்கனுக்கு ஒருக்கா 'நான் இருக்கிறன்' என்று சொல்லவேணும். 90 செக்கன் சத்தமில்லை என்றால் பட்டியலில் இருந்து பெயர் வெட்டப்படும்.

எங்களுக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற விதி. கனபேர் ஒரே நேரத்தில் மௌனமானால் யுரேக்கா யாரையும் வெட்டாது. இவ்வளவு பேரும் ஒன்றாகச் சாக வாய்ப்பில்லை, வயர்தான் அறுந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். 2002இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்விம் என்ற முறை இன்னொரு வழி கண்டது. பதில் தராத கணினியைப் பற்றி வேறு கணினிகளிடமும் விசாரிக்கும். அப்பவும் பதில் இல்லையென்றால் உடனே 'செத்தது' என்று எழுதாமல் 'சந்தேகம்' என்று ஒரு நிலையில் வைக்கும். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது பெட்டி.

பட்டியல் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 2025 ஒக்டோபரில் உலகமே பார்த்தது. அமேசானின் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் டி.என்.எஸ். பதிவு, தானியங்கி மென்பொருளின் பிழையால் வெறுமையாகிப்போனது. தரவுத்தளம் அழியவில்லை, முகவரிதான் இல்லை. ஆனாலும் அதை நம்பியிருந்த எத்தனையோ செயலிகள் படுத்துவிட்டன. பிறகு ஹெல்த் செக்கும் குழம்பி, நல்லாயிருந்த இயந்திரங்களைக்கூட வெட்டத் தொடங்கியது.

எங்கட நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு 90 செக்கன் இருக்கிறது. 2010இன் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டப்படி, யுத்தச் சூழலில் காணாமல் போனவரைப் பற்றி ஒரு வருசத்துக்கு மேல் தகவல் இல்லையென்றால் அவரை இறந்தவராகப் பதியலாம். ஒரு சனமே ஒன்றாக மௌனமான இடம் இது. 'வயர் அறுந்ததா?' என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் இல்லை. 2016இல்தான் திருத்தம் வந்தது: மரணச் சான்றிதழுக்குப் பதில், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ். ஸ்விம்மின் மூன்றாவது பெட்டி, 14 வருசம் பிந்தி.

ஆனா பெட்டி மட்டும் காணாது. ஸ்விம் மற்றவர்களிடம் விசாரிக்கிறது. இங்க விசாரிச்சு அலையிறது அம்மாமார்தான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் அவர்கள் தொடங்கின போராட்டம் வருசக்கணக்காக நீண்டது. அந்தச் சான்றிதழை வாங்கினால் தேடுறதை நிப்பாட்டிப்போடுவினம் என்று, அதையும் வேண்டாம் எண்டவை இருக்கினம்.