ஒரு பென்னி பொம்மையும் ஓர் இளவரசியும்

துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்று, கொஞ்சம் துண்டுத் துணி, நூல், ஒரு பேனா. இவ்வளவு இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் ஒரு பொம்மை தயார்! கிளிப்பின் உருண்டைத் தலையில் கண்ணும் வாயும் வரைந்து, பிளந்திருக்கும் இரண்டு கால்களும் மறையும்படி பாவாடை சுற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. மேற்கு நாடுகளில் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்யும் கைவேலைகளில் இதற்கு இன்றும் இடம் உண்டு. பெயர் 'பெக் டால்'.

இதற்கு ஸ்பிரிங் வைத்த கிளிப் ஆகாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டேவிட் ஸ்மித் என்பவர் 1853-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். துணியைப் பிடிக்க அது நல்ல கருவிதான். ஆனால் அதற்குத் தலை கிடையாதே! ஒரே கட்டையில் கடைந்த பழைய கிளிப்தான் பொம்மைக்கு ஏற்றது.

இதே பெயரில் இன்னொரு மரப்பொம்மையும் உண்டு. அதன் கதை ஒரு மலைக் கிராமத்தில் தொடங்கி ஓர் அரண்மனை வரை போகிறது.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, வால் கார்தெனா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. முதல் உலகப்போர் முடியும் வரை அது ஆஸ்திரியாவின் வசம் இருந்தது. அங்கே பனிக்காலம் நீண்டது. நிலத்தில் வேலை இருக்காது. ஆனால் மலையில் மென்மையான, செதுக்க எளிதான பைன் மரம் உண்டு. அதனால் 17-ம் நூற்றாண்டிலிருந்தே அந்த மக்கள் மரம் செதுக்கத் தொடங்கினார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து பொம்மைகள் பெருமளவில் ஐரோப்பா முழுவதும் போயின.

இந்தப் பொம்மை நம் மரப்பாச்சி போல ஒரே கட்டையில் செதுக்கியது அல்ல. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். சின்ன மரமுளைகளைச் செருகி இணைத்திருப்பார்கள். பெக் என்றால் அந்த முளைதான். அதனால் பொம்மை உட்காரும், கையைத் தூக்கும். முகத்துக்கும், முன்கைக்கும், காலுக்கும் மட்டும் பெயிண்ட். மற்ற இடமெல்லாம் வெறும் மரம். எப்படியும் துணி மூடப் போகிறதே, பெயிண்டை ஏன் வீணாக்க வேண்டும்? விலையைக் குறைத்து நிறைய விற்கும் வியாபாரக் கணக்கு இது. இங்கிலாந்தில் இதற்கு 'பென்னி வுடன்' என்றே ஒரு பெயர் வந்துவிட்டது.

பொம்மை பெரும்பாலும் உடையில்லாமல்தான் விற்கப்பட்டது. உடை தைப்பது வாங்கிய குழந்தையின் வேலை.

அப்படி வாங்கி உடை தைத்த ஒரு குழந்தைதான் பின்னாளில் விக்டோரியா மகாராணி ஆனார்.

விக்டோரியா 1819-ல் பிறந்தார். எட்டு மாதத்தில் தந்தை இறந்துவிட்டார். அரியணைக்கு வரப்போகும் பெண் என்பதால் தாயும், அவருடைய ஆலோசகர் சர் ஜான் கான்ராயும் கென்சிங்டன் அரண்மனையில் கடுமையான கட்டுப்பாடுகளோடு வளர்த்தார்கள். தாயின் அறையில்தான் படுக்க வேண்டும். யாராவது கையைப் பிடித்துக்கொள்ளாமல் மாடிப்படி இறங்கக் கூடாது. விளையாடச் சம வயதுப் பிள்ளைகள் அபூர்வம். அன்பாக இருந்த அக்கா ஃபியோடோராவும் 1828-ல் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

மிச்சம் இருந்த துணை, ஆசிரியை லூயிஸ் லேசன். இருவரும் சேர்ந்து அந்த மலிவான மரப்பொம்மைகளுக்கு உடை தைத்தார்கள். மொத்தம் 132 பொம்மைகள்! 32 பொம்மைகளுக்கு இளவரசியே தைத்தார். நாடகத்திலும் பாலே நடனத்திலும் பார்த்தவர்கள், அரசவைப் பெண்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். அந்தப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார்கள். அரை அங்குலக் கைக்குட்டையில்கூடப் பெயரின் முதலெழுத்தைப் பின்னியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 14 வயது வரை இந்த விளையாட்டு நீடித்தது.

அரண்மனையில் வெள்ளிப் பொம்மை கேட்டாலும் கிடைத்திருக்கும். பிறகு ஏன் இது? தன் உடை, தூக்கம், நடை எதையும் தானே முடிவு செய்ய முடியாத ஒரு சிறுமிக்கு, யார் யாராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பொம்மைப் பெட்டி! 1837-ல் ராணியானதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தன் படுக்கையைத் தாயின் அறையிலிருந்து மாற்றியது. 1892-ல் ஸ்டிராண்ட் பத்திரிகையில் பிரான்சிஸ் லோ எழுதிய கட்டுரைதான் இந்தப் பொம்மைகளை உலகுக்குக் காட்டியது.

சரி, அவற்றைச் செதுக்கியவர்கள்? அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

அமேலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்து 1873-ல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அங்கே ஒரு வயதான பெண் பூனை, நாய், ஓநாய், ஆடு, செம்மறி, யானை என்று ஆறே மிருகங்களை வாழ்நாள் முழுக்கச் செதுக்கி வந்தார். வேறு எதுவும் செதுக்கத் தெரியாது. அம்மா கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். அம்மாவுக்குப் பாட்டி. இவர் தன் பேத்திக்கு அதையே கற்றுக் கொடுத்திருந்தார்.

யோசித்துப் பாருங்கள். லண்டனில் ஒரு சிறுமிக்கு அந்தப் பொம்மை விடுதலை. மலையில் இன்னொரு சிறுமிக்கு அதே மரம், அதே உளி, தலைமுறை தலைமுறையாக மாறாத வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு பென்னி.

இன்று குழந்தையோடு உட்கார்ந்து கிளிப் பொம்மை செய்யும்போது செதுக்கும் கையும் தைக்கும் கையும் ஒன்றாகிவிடுகிறது. அங்கே பெரியவர்கள் செய்யக் கூடாத ஒன்று உண்டு. குழந்தை கண்ணைக் கோணலாக வரைந்தால் திருத்த வேண்டாம். பொம்மை யார் என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் குழந்தைக்கே இருக்கட்டும். அன்று லேசன் ஓர் இளவரசிக்குக் கொடுத்ததும் அதைத்தான்!