தூக்குக் கயிறு இல்லாத மலை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, கோயில் வரலாறோ தோட்ட வரலாறோ தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது தூக்குத் தண்டனை. 'என்ன சார், மங்கலமா ஒண்ணும் கிடைக்கலையா?' என்றார் ஒரு நண்பர். பீர்மேட்டில் பிறந்து பாலக்காட்டில் பணி முடித்தவன் நான். இந்த இரண்டு ஊர்களையும் பிரித்த ஒரு பழைய சட்டக் கோடு நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதே என் எண்ணம்.

1944-இல் திருவாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், மரண தண்டனையைத் தம் நாட்டில் நீக்கினார். அப்போது திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர், நம் தமிழர்தான். பீர்மேடும் தேவிகுளமும் திருவாங்கூரைச் சேர்ந்தவை. மலை இறங்கினால் கம்பம், போடி. அவை சென்னை மாகாணம். பாலக்காடும் அன்று மாகாணத்தின் மலபார் மாவட்டந்தான். ஆகவே கம்பத்தில் ஒருவன் கொலை செய்தால் கயிறு உண்டு. குமுளி ஏறி வந்து செய்தால் ஆயுள் சிறை. ஒரே பேச்சு, ஒரே உறவு, இடையில் ஒரு செக்போஸ்ட்!

இதை வைத்துத் திருவாங்கூர் கருணைக் கடலாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். தூக்கை நீக்கிய அதே ஆட்சி, 1946 அக்டோபரில் புன்னப்பிரா–வயலாரில் நூற்றுக்கணக்கான தொழிலாளரைச் சுட்டுத் தள்ளியது. தீர்ப்பெழுதிக் கொல்லமாட்டோம், தீர்ப்பில்லாமல் கொல்வோம் என்றால் என்ன கணக்கோ!

நாடு இணைந்து இந்தியச் சட்டம் பரவியதும் தூக்கு மலைக்குத் திரும்பியது. இங்கேதான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அரிய வாய்ப்பு கிடைத்தது. தூக்கு இல்லாத 1945–50 காலத்தில் 962 கொலைகள். தூக்கு இருந்த 1950–55 காலத்தில் 967. பச்சன் சிங் வழக்கில் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பகவதி இந்த எண்களை எடுத்துக்காட்டினார். கயிறு இருந்தால் கை நடுங்கும் என்பது ஒரு கட்சி. வெட்டுகிறவன் சட்டப் புத்தகம் பார்த்துவிட்டா அரிவாளை எடுக்கிறான் என்பது மறுகட்சி. எண்கள் இரண்டாம் கட்சிக்கே சாதகம். ஆனால் தூக்கை எடுத்ததால் கொலை குறைந்தது என்றும் அவை சொல்லவில்லை. அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வாதத்தில் பாலக்காட்டுக்கும் பங்குண்டு. இவ்வூரை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், உச்ச நீதிமன்றத்தில் 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், கொலை கொடூரமானது என்பது மட்டும் தூக்குக்குப் போதாது என்ற நிலையை எடுத்தார். அடுத்த ஆண்டே பச்சன் சிங் தீர்ப்பு, தூக்கு செல்லும், ஆனால் அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே என்று முடித்தது.

இனி 2011. அவ்வாண்டு பிப்ரவரியில் எறணாகுளம்–ஷொறணூர் பாசஞ்சர் ரயிலில் வந்த பாலக்காட்டு மாவட்டப் பெண்ணொருவர் தாக்கப்பட்டு இறந்தார். குற்றவாளி தமிழ்நாட்டுக்காரர். சில மாதங்கள் பஸ்ஸில் வாய்விட்டுத் தமிழ் பேசவே நாங்கள் தயங்கினோம். 'உங்க ஊர்க்காரன்' என்ற சொல்லை என் காதாலேயே கேட்டேன். ஆகஸ்ட் 30-இல் தமிழ்நாடு சட்டமன்றம், ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்கைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. நம் வீட்டில் அதற்குக் கை தட்டினார்கள். நவம்பரில் திருச்சூர் நீதிமன்றம் ரயில் வழக்கில் தூக்கு விதித்தது. அதற்கும் நம் வீட்டில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மறைப்பானேன்! 2016-இல் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று தூக்கை நீக்கி, வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தபோது கேரளமே கொதித்தது. நான் அன்று கொஞ்சம் நிதானித்துத் தீர்ப்பைப் படித்தேன். ஆத்திரம் சாட்சியாகாது என்று புரிந்தது. தூக்கு வேண்டாம் என்ற பக்கம் நான் நகர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் வண்டிப்பெரியாறு என்னை நிம்மதியாக விடவில்லை. 2021 ஜூன் 30-இல் அங்கே தோட்டத் தொழிலாளியின் ஆறு வயது மகள் கொல்லப்பட்டாள். குழந்தைகள் மீதான கொடிய வன்கொடுமைக்குத் தூக்கு வரை விதிக்கலாம் என்று 2019-இலேயே போக்சோ சட்டம் திருத்தப்பட்டிருந்தது. கயிறு தயாராகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம், போலீஸ் விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. தடயத்தை ஒழுங்காகத் திரட்டாத வழக்கில் எந்தக் கயிறு என்ன செய்யும்?

சென்ற ஆண்டு எஸ்டேட் லயத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் 962, 967 கணக்கைச் சொல்லி, தூக்கு வேண்டாம் என்பதற்கு என் காரணங்களையெல்லாம் அடுக்கினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டான்.

'உங்க கணக்கு சரியா இருக்கட்டும்ணே. அந்தப் புள்ளையைக் கொன்னது யாருன்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க. தூக்கா ஜெயிலாங்கறதை அப்புறம் பேசிக்குவோம்' என்றான்.