சீட்டுக்கட்டின் அரசவை

சீட்டாடத் தெரிந்தவர் யாவரும் ராஜா, ராணி, ஜாக்கி என்னும் மூவரையும் அறிவர். அம்மூவரைக் கண்டு அஞ்சினவர் எவருமிலர். ராஜா கைக்கு வந்தால் மகிழ்வர். வராவிடின் அடுத்த சீட்டை எடுப்பர். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கட்டு உண்டு. அதற்கு டாரட் என்று பெயர். ஒருவர் அதனை விரித்துக் குறி சொல்லுங்கால், "வாளேந்திய அரசி வந்திருக்கிறாள், இது கைம்மையைக் குறிக்கும் சீட்டு" என்று கூறிவிட்டால், எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணின் முகம் வாடிவிடும். ஆட்டத்தில் அச்சமூட்டாத ராணி ஆரூடத்தில் மட்டும் அச்சமூட்டுவானேன்? அப்படத்துக்கு அப்பொருளைத் தந்தவர் யார்? எக்காலத்தில் தந்தார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உள. அவற்றுள் 22 துருப்புச் சீட்டுகள். எஞ்சிய 56 சீட்டுகள் கிண்ணம், நாணயம், வாள், கோல் என்னும் நான்கு இனங்களாகப் பிரிந்து, இனத்திற்குப் பதினான்காக நிற்கும். ஒன்று முதல் பத்து வரை எண்சீட்டுகள். அவற்றுக்கு மேல் ஏவலன், குதிரை வீரன், அரசி, அரசன் என நால்வர். இங்ஙனம் நான்கு இனத்திற்கும் சேர்ந்த 16 சீட்டுகளே அரசவைச் சீட்டுகள் எனப்படுவன. குறி சொல்லப் பயில்வோர்க்குப் பெருந்தொல்லை தருவனவும் இவையே. மரணம், சக்கரம் முதலிய துருப்புச் சீட்டுகள் தம் கருத்தைத் தாமே ஒருவாறு காட்டிவிடும். அரசவைச் சீட்டோ ஓர் ஆளை மட்டும் காட்டி வாளாவிருக்கும். அவன் யார், அவனால் வருவது நன்மையா தீமையா என்பதைப் படம் சொல்வதில்லை. படம் வாய் திறவாத இடத்தில்தான் பிறர் வாய் திறக்கின்றனர்.

இவ்வரசவை தோன்றிய வரலாற்றை முதற்கண் நோக்குவோம். ஐரோப்பாவிற்குச் சீட்டு வந்தது 14ஆம் நூற்றாண்டில். மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்து நாட்டின் வழியாகவே அது வந்தது என்பது இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. இஸ்தான்புல் நகரத்து டோப்காப்பி அரண்மனையில் மம்லூக் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. மேயர் என்னும் அறிஞர் 1939இல் அதனைப் பற்றி எழுதினார். கிண்ணம், நாணயம், வாள், குதிரையேறிப் பந்தாடும் கோல் என்பன அதன் நான்கு இனங்கள். இனத்திற்கு மூன்று பதவிகள்: மலிக் என்னும் அரசன், நாயிப் மலிக் என்னும் அரசப் பிரதிநிதி, அவனுக்கும் கீழ்ப்பட்ட இரண்டாம் நாயிப். இவற்றில் மனித உருவமே கிடையாது. அழகிய சித்திர வேலைப்பாட்டின் நடுவே பதவியின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும். முகமுமில்லை, நிறமுமில்லை, குணமுமில்லை. உள்ளது பதவி ஒன்றே. 'நாயிப்' என்னும் அச்சொல் நமக்குப் புதிதன்று. மலாய் மொழியில் துணைத் தலைவரைக் குறிக்க இன்றும் வழங்குவதே. ஸ்பெயின் நாட்டார் சீட்டை 'நைப்பே' என்று அழைப்பதும் இச்சொல்லின் வழி வந்ததே என்பர்.

1377இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் இவ்வாட்டத்தைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் ரைன்பெல்டன் ஜான் என்னும் துறவி லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அரசன் அரியணையில் அமர்ந்திருக்க, அவன் கீழ் இரு தளபதிகள் நிற்பதையும், ஒருவன் தன் இனக்குறியை மேலே உயர்த்தியும் மற்றவன் கீழே தொங்கவிட்டும் பிடித்திருப்பதையும் அவர் விவரிக்கிறார். அரசவைச் சீட்டுக்கு நாமறிந்தவரை முதன்முதலில் உரை கண்டவர் அவரே. அவர் அதில் கண்டது ஆரூடமா? இல்லை. சமுதாயத்தின் மேல்கீழ் வரிசையையும், அவ்வவ்வரிசையினர் ஆற்ற வேண்டிய கடமையையுமே அவர் கண்டார்.

டாரட் என்னும் தனிக்கட்டு வட இத்தாலியில் எழுந்தது. அதைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1440ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மிலான் நகரத்துப் பிரபுக்கள் பொன்தகட்டின்மேல் வண்ணம் தீட்டிய சீட்டுகளைச் செய்வித்தனர். அவற்றுள் ஒரு கட்டு இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதில் இனத்திற்கு அறுவர்: அரசன், அரசி, குதிரை வீரன், குதிரையேறிய வீராங்கனை, ஏவலன், ஏவற்பெண். ஆணுக்கு எத்தனை இடமோ பெண்ணுக்கும் அத்தனை இடம்! பின் வந்த கட்டுகளில் வீராங்கனையும் ஏவற்பெண்ணும் மறைந்து, அரசி ஒருத்தியே எஞ்சினாள்.

பிற நாட்டுக் கட்டுகளையும் ஒப்பு நோக்குக. பிரெஞ்சுக்காரர் குதிரை வீரனை விலக்கி அரசியை வைத்துக்கொண்டனர். நாம் ஆடும் சீட்டு அவ்வழி வந்ததே. ஸ்பானியர் அரசியை விலக்கிக் குதிரை வீரனை வைத்துக்கொண்டனர். ஜெர்மானியரோ அரசியும் குதிரையும் இன்றி, மேலவன் கீழவன் என இருவரை அரசனுக்கு அடியில் நிறுத்தினர். நாட்டுக்கு நாடு ஆளை மாற்றியும் நீக்கியும் கொள்ளத்தக்க ஓர் அவையில், உலகத் தோற்றமுதல் மாறாத மறைபொருள் எங்ஙனம் தங்கியிருத்தல் கூடும்?

அவையின் கடையில் நிற்கும் ஏவலனைச் சிறிது உற்று நோக்குவோம். ஆங்கிலத்தில் அவனுக்குப் பழம்பெயர் 'நேவ்' என்பது. அச்சொல்லுக்கு முதற்பொருள் சிறுவன், பின்னர் வேலைக்காரன், அதன்பின் கயவன்! வேலை செய்தவன் கெட்டவனானது எப்படி? அவன் செய்த குற்றம் யாதுமில்லை. கீழ்ப்படியில் நின்றதொன்றே குற்றம். இதனை உணர நம்மினும் தக்கவர் யார்? 'கூலி' என்னும் தமிழ்ச்சொல் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. முன்னாளில் இந்நாட்டுத் தோட்டங்களில் அது ஊதியத்தை விட்டு ஆளைக் குறிக்கும் பெயராகி, பின்னர் இழிசொல்லுமாயிற்று. காட்டை அழித்து ரப்பர் நட்டவனின் ஊதியப் பெயரே அவனுக்கு வசைப்பெயராயிற்று. பதவியைக் கண்டு குணத்தைக் கணிக்கும் வழக்கம் சீட்டில் மட்டும் உள்ளதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, குறி புகுந்த கதைக்கு வருவோம். டாரட் தோன்றி மூன்று நூற்றாண்டுக் காலம் அது பெரிதும் ஆட்டமாகவே விளங்கிற்று என்பதை ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூலில் நிலைநாட்டினார். சீட்டால் குறி சொல்லும் வழக்கம் பரவலானது 18ஆம் நூற்றாண்டில். பாரிஸ் நகரத்து அல்லியெட் என்பவர், தம் பெயரைத் தலைகீழாக்கி எட்டெய்லா என்று வைத்துக்கொண்டு, 1770இல் சாதாரணச் சீட்டால் குறி பார்க்கும் நூலொன்றை வெளியிட்டார். 1781இல் கூர் தெ ஜெபலன் என்னும் அறிஞர், டாரட் பண்டை எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியைச் சாம்போலியன் கண்டது 1822இல்தான். அதாவது, எகிப்திய எழுத்தில் ஒரு வரியேனும் படிக்க இயலாத காலத்தில் எகிப்திய மறைநூல் என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது! சீட்டு எகிப்திலிருந்து வந்தது மெய். ஆனால் வந்தது சுல்தான்களின் எகிப்திலிருந்து, பாரோ மன்னர்களின் எகிப்திலிருந்தன்று.

எட்டெய்லா இக்கொள்கையைப் பற்றிக்கொண்டு டாரட்டுக்கும் பொருள் வகுத்தார். கோலரசன் நாட்டுப்புறத்து மனிதன், கிண்ண அரசன் பொன்னிற மயிரினன், நாணய அரசன் கருநிறத்தான், வாளரசன் நீதித்துறையாளன். கிண்ணக் குதிரை வீரன் வருகை. கோற்குதிரை வீரன் புறப்பாடு. வாளரசி கைம்மை. நம் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் முகத்தை வாடச் செய்த சொல் இதுவே. பாரிஸில் ஒருவர் எழுதிவைத்தார். பின் வந்தோர் பெயர்த்தெழுதினர். அவ்வளவே அதன் பழைமை.

1888இல் லண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்னும் மறைஞானச் சங்கம், நான்கு இனங்களையும் நான்கு பதவிகளையும் நெருப்பு, நீர், காற்று, நிலம் என்னும் பூதங்களோடு இணைத்தது. அச்சங்கத்தைச் சார்ந்த வெயிட் என்பவரின் திட்டத்தில், பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியப் பெண்மணி வரைந்த கட்டு 1909இல் வெளிவந்தது. உலகெங்கும் இன்று மிகுதியாக வழங்குவது அதுவே. வெயிட் 1911இல் படங்களுடன் வெளியிட்ட விளக்க நூலில், குறி கேட்பவருக்குரிய அரசவைச் சீட்டைத் தேர்ந்தெடுக்க ஓர் அட்டவணை தருகிறார். கோல் இனம் பொன்மயிரும் நீலக்கண்ணும் உடைய மிக வெள்ளையருக்கு. கிண்ணம் இளம்பழுப்பு மயிரினருக்கு. வாள் கரும்பழுப்பு மயிரும் மங்கிய நிறமும் உடையாருக்கு. நாணயம் கருமயிரும் கருவிழியும் கருநிறமும் உடையாருக்கு. நாற்பது வயது கடந்த ஆடவனுக்குக் குதிரை வீரன், கடவாதவனுக்கு அரசன். பெண்ணாயின் முறையே அரசியும் ஏவலனும்.

தோழர்களே, இவ்வட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நம் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய நாம் அனைவரும் நாணயம் என்னும் ஒரே இனத்தில் அடங்கிவிடுவோம்! மற்ற மூன்று இனத்திற்கும் ஆள் கிடைப்பதரிது. மனிதகுலம் முழுவதற்கும் உரிய மறைநூல் எனப்பட்டது, லண்டன் நகரத்து வரவேற்பறையில் கூடியிருந்தவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதென்பது வெளிப்படை. குணத்தைக் கொண்டும் சீட்டைத் தேரலாம் என்று வெயிட் தாமே ஒரு வாயில் திறந்து வைத்தார். இக்காலத்துக் குறியாளர் பெரும்பாலும் நிறத்தை விட்டு அவ்வாயிலில் நுழைந்துவிட்டனர். அரசவைச் சீட்டு ஓர் ஆளைக் குறிக்கலாம், அல்லது ஒரு செய்தியை, அல்லது கேட்பவரின் உள்ளத்து இயல்பை என மூவகையாக உரைக்கின்றனர். எது நேரினும் மூன்றில் ஒன்று பொருந்தியே தீரும். தவறவே முடியாத ஆரூடத்தை மெய்யென்பதெங்ஙனம்?

இவ்வட்டவணைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேறொரு முயற்சி நடந்தது. 1793இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, மன்னன் தலை வீழ்ந்த பாரிஸில், சீட்டிலும் மன்னன் இருத்தலாகாது என்று எண்ணினர். ழோம், துகூர் என்னும் இருவர் புதிய ஆட்டச்சீட்டை வெளியிட்டனர். அரசர் இருந்த இடத்தில் போர், அமைதி, கலை, வாணிபம் ஆகியவற்றின் காவல் தெய்வங்கள். அரசியர் இருந்த இடத்தில் சுதந்திரங்கள். ஏவலர் இருந்த இடத்தில் சமத்துவங்கள். அச்சமத்துவம் நான்கனுள் ஒன்று நிறச் சமத்துவம்; அதில் விடுதலை பெற்ற ஓர் ஆப்பிரிக்க மனிதன் நிமிர்ந்து வீற்றிருக்கிறான். ஏவலன் நின்ற கடைப்படியிலேயே சமத்துவம் வந்து அமர்ந்தது! சில ஆண்டுகளில் நெப்போலியன் ஆட்சியில் அரசர்கள் சீட்டுக்குத் திரும்பினர். எனினும், அவையில் யார் இருப்பது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதனே என்பதை அக்கட்டு ஒருமுறை மெய்ப்பித்துவிட்டது.

ஆகவே, அரசவைச் சீட்டை எங்ஙனம் படிப்பது? ஓவியமாகப் படிக்கலாம், அதில் அழகுண்டு. வரலாறாகப் படிக்கலாம், சுல்தானின் பிரதிநிதியும், மிலானின் வீராங்கனையும், பாரிஸின் விடுதலை மனிதனும் அதில் உளர். விதியாக மட்டும் படித்தலாகாது. வாளரசியைக் கண்டு கலங்கும் சகோதரிக்கு ஒன்று கூறுவோம்: அம்மா, அந்தப் படத்தில் உள்ளவள் உன் கணவனின் ஆயுளை அறியாள். அவள் கையில் வாளைக் கொடுத்தவர் ஆட்டக்காரர்; அவள் தலையில் கைம்மையைச் சுமத்தியவர் குறிக்காரர். அவர்கள் எழுதிய அட்டவணையில் உனக்கென்று ஓர் இனங்கூடச் சரிவர எழுதப்படவில்லை. அதற்கஞ்சி நீ ஒரு வெள்ளியைச் செலவிடவும் வேண்டா. ஓரிரவுத் தூக்கத்தை இழக்கவும் வேண்டா.