பெயர் தவறிய நோய்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் நோயுறும்போது இரண்டு துன்பங்களுக்கு ஆளாகின்றனர். ஒன்று நோய், மற்றொன்று, அதனை மருத்துவருக்கு எடுத்துரைக்கச் சொல் கிடையாமை. "மயக்கம் வருகிறது" என்று நாம் சொல்கிறோம். நினைவிழந்து வீழ்வதும் நமக்கு மயக்கந்தான். நினைவு தெளிவாக இருக்க, சுவரும் கூரையும் நம்மைச் சுற்றிச் சுழல்வதும் மயக்கந்தான். இந்தி பேசுவோர் முன்னதைப் 'பேஹோஷி' என்றும், பின்னதைச் 'சக்கர்' என்றும் பிரித்து வழங்குவர். வங்காளியர் பின்னதை 'மாத்தா கோரா', அதாவது தலை சுழலுதல், என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாக உடைய நாம், அலுவலகத் தாளில் ஒரு சொல் பிழைபட்டால் மறுநாள் திருத்தம் அனுப்பிவிடுகிறோம். நோயாளியின் வாய்ச்சொல் பிழைபட்டாலோ நோயின் பெயரே மாறிவிடுகிறது. பெயர் மாறினால் மருந்தும் மாறும்.

இவ்வாறு நெடுங்காலம் பெயர் தவறிக் கிடந்த நோய் ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம். அதற்கு இன்று மெனியேர் நோய் என்று பெயர். காதில் அடைப்பும் இரைச்சலும் தோன்றும், கேள்வி மங்கும், திடீரென உலகம் சுழலும், குமட்டலும் வாந்தியும் தொடரும். சில மணி நேரத்தில் சுழற்சி அடங்கிவிடும். நோயாளி எழுந்து நடமாடுவார். ஆயினும் அடுத்த தாக்குதல் நாளையோ, அடுத்த ஆண்டோ என்பதை அவர் அறியார். தாக்குதல்கள் தொடருந்தோறும் செவிப்புலன் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும்.

அயர்லாந்தில் 1667-ஆம் ஆண்டு பிறந்து, 'கலிவரின் யாத்திரைகள்' என்னும் நூலால் உலகப் புகழ் எய்திய ஜோனதன் ஸ்விப்ட் இத்தகைய துன்பத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர். இருபது வயதைக் கடந்த அளவில் அவருக்குத் தலைச்சுற்றல் தொடங்கியது. பின்னர்ச் செவிட்டுத்தன்மையும் வந்து சேர்ந்தது. ஒரே வேளையில் நூறு ஆப்பிள் பழங்களைத் தின்றதே தம் நோய்க்குக் காரணம் என்று 1727-இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் குறித்திருக்கிறார். இதனைப் படித்து நாம் நகைப்பதற்கில்லை. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று சொல்லி இஞ்சியும் எலுமிச்சையும் தேடும் நம் இல்லங்களின் எண்ணமும் அவர் எண்ணமும் ஒன்றே. தலை சுற்றினால் குற்றம் வயிற்றில் இருப்பதாக இருவரும் எண்ணினோம். செவியை எவரும் ஐயுறவில்லை.

ஸ்விப்ட் முதுமையில் கேள்வி குன்றிப் பிறருடன் உரையாட இயலாமல் தனிமையில் ஒடுங்கினார். 1742-இல் அவர் தம் காரியங்களைத் தாமே நிர்வகிக்கத் தகுதியற்றவர் என்று சட்டப்படி முடிவு செய்யப்பட்டது. 1745-இல் மறைந்தார். அதன் பின்னர் நூறாண்டுக்கு மேலாக, அவர் நெடுநாள் பித்தராகவே வாழ்ந்தார் என்னும் பழி நிலவிற்று. கடைசி ஆண்டுகளில் அவர் அறிவு மங்கியது முதுமையின் மூளைத் தளர்ச்சியால். இளமை முதல் அவரை வருத்திய சுழற்சியோ செவியில் எழுந்தது என 1880-களில் மருத்துவர் சிலர் எடுத்துக்காட்டிய பிறகே இப்பழி தளர்ந்தது. மனநோயாளருக்கு ஒரு மருத்துவமனை அமைக்கும்படி ஸ்விப்ட் தம் செல்வத்தை எழுதிவைத்தார். 1757-இல் திறக்கப்பட்ட அந்நிலையம் டப்ளின் நகரில் இன்றும் இயங்குகிறது. பித்தர் என்று உலகம் தூற்றிய ஒருவர் பித்தர்க்குப் புகலிடம் அளித்துச் சென்றார்.

இனிப் பாரிஸ் நகருக்குச் செல்வோம். 1799-இல் பிறந்த புரோஸ்பர் மெனியேர், 1838 முதல் அந்நகரின் செவிடர் ஊமையர் நிலையத்தில் தலைமை மருத்துவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் ஒருவருக்குத் திடீரெனத் தலை சுழன்று வாந்தி எடுத்தால், மூளையில் குருதி மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு கட்டினர். குருதியை வடித்தனர், அட்டைகளைக் கடிக்க விட்டனர். ஏற்கெனவே சோர்ந்திருந்த நோயாளி மேலும் மெலிந்தார். மெனியேர் நாள்தோறும் செவிகளை ஆய்ந்தவர். இந்நோயாளிகளுள் பலருக்குக் கை கால் முடங்கவில்லை, பேச்சுக் குழறவில்லை, அறிவு கெடவில்லை. ஆனால் காதில் இரைச்சலும் கேள்விக் குறைவும் தவறாமல் இருந்தன என்பதை அவர் கண்டார்.

அவருக்குத் துணை நின்றவை புறாக்கள். புளூரான்ஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1820-களில் புறாவின் உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களை அறுத்து நோக்கினார். புறாவின் கேள்வி போகவில்லை. அது நிலைதடுமாறிச் சுழன்றது. எந்தக் கால்வாய் அறுபட்டதோ அதன் தளத்திலேயே தலை ஆடிற்று. செவிக்குள் கேட்கும் கருவியோடு நிலைநிறுத்தும் கருவியும் உறைகிறது என்பதற்கு இஃது அறிகுறி. 1861 ஜனவரி 8-ஆம் நாள் மெனியேர் பாரிஸ் மருத்துவக் கழகத்தின் முன் தம் கட்டுரையைப் படித்தார். மூளை நோய் என்று கருதப்படுவது பலவேளைகளில் உட்செவியின் நோயே என்பது அவர் வாதம். குளிர்காலத்தில் திறந்த வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, திடீரெனச் செவிடாகிச் சுழற்சியுற்று ஐந்தாம் நாள் இறந்த ஓர் இளம்பெண்ணையும் அவர் சான்று காட்டினார். அவள் மூளையில் குறை இல்லை, அரைவட்டக் கால்வாய்களிலேயே செந்நிறக் கசிவு இருந்தது. அப்பெண்ணின் நோய் வேறு என்பது இன்றைய மருத்துவர் கருத்து. எனினும் அவர் சுட்டிய திசை பிழைபடவில்லை. தம் கருத்து வேரூன்றுவதைக் காணாமலே, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

செவிக்குள் நிகழ்வது யாது என்பது தெளிய மேலும் எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின. 1938-இல் லண்டனில் ஹால்பைக், கேர்ன்ஸ் என்னும் இருவரும், ஜப்பானில் யாமகாவா என்பாரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, இறந்த நோயாளிகளின் செவி எலும்பை ஆய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். உட்செவியின் மெல்லிய குழல்களில் நீர் மிகுந்து, அவை புடைத்திருந்தன. அந்நீர் மிகுவதற்கு மூலகாரணம் இன்றளவும் முழுதும் விளங்கவில்லை.

நோய் ஒரு செவியோடு நின்றவரை மருத்துவர்க்கு வழி இருந்தது. அமெரிக்காவில் டாண்டி என்னும் அறுவை மருத்துவர், 1920-களின் இறுதி முதல் நோயுற்ற செவியின் நரம்பை வெட்டிச் சுழற்சியை நிறுத்தினார். பின்னர் நிலைநிறுத்தும் பகுதியை மட்டும் வெட்டிக் கேள்வியைக் காக்க முயன்றார். மற்றச் செவி நலமாக இருந்தால் உடல் அதனைக் கொண்டு நடக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் இந்நோய் சிலருக்கு ஆண்டுகள் சென்றபின் இரண்டாம் செவியையும் பற்றுகிறது. இன்று ஒரு செவியை அழித்தவர் நாளை மற்றதையும் இழப்பாராயின் என் செய்வது? மருத்துவர் கையைத் தயங்கச் செய்த வினா இதுவே.

காசநோய்க்கு மருந்தாக வந்த ஸ்டிரெப்டோமைசின் உட்செவியின் சமநிலை உறுப்பைக் கெடுப்பது கண்டு, 1948-இல் பவுலர் என்பார் இரு செவியும் நோயுற்றோர்க்கு அதனையே மருந்தாக்கினார். சுழற்சி நின்றது, ஆனால் விலை பெரிது. அவ்விலை எத்தகையது என்பதை, காசநோய்க்காக அம்மருந்தை உட்கொண்டு இரு செவியின் சமநிலையையும் இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-இல் எழுதினார். நாடி துடிக்குந்தோறும் கண்முன் எழுத்துகள் குதித்தன. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிக்கொண்டே அவர் படிக்க வேண்டியதாயிற்று. இரு செவியின் சமநிலையும் போனால் இருட்டிலும் கரடுமுரடான தரையிலும் நடப்பது அரிது; விளக்கும் கைத்தடியும் உறுதுணையாகின்றன.

ஆயினும் இந்நோயைத் தோல்வியின் கதையாக மட்டும் முடித்தல் பொருந்தாது. அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் 1960-களில் இந்நோயால் பறக்கத் தடைசெய்யப்பட்டார். 1968-இல் புனைபெயர் பூண்டு அறுவை செய்துகொண்டார். 1971 பிப்ரவரியில் நிலவில் நடந்தார். அனைவர்க்கும் அப்பேறு வாய்க்காது. எனினும் உப்பைக் குறைத்தல், நீர் போக்கும் மருந்து, செவிக்குள் அளவறிந்து செலுத்தும் ஊசி மருந்து, சமநிலைப் பயிற்சி, கேட்புக் கருவி, இரு செவியும் முற்றும் கெட்டார்க்கு நத்தைச்சுருளில் பொருத்தும் மின்கருவி எனப் பல வழிகள் இன்று உள்ளன. ஊறுகாயும் அப்பளமும் இன்றி உணவு இறங்காத நம்மவர்க்கு இவற்றுள் முதல்வழியே கடினமானதாகத் தோன்றலாம்.

வாழ்க்கை முறையும் மாற வேண்டும். தாக்குதல் வரக்கூடியவர் ஏணி ஏறுதலும், தனியே நீந்துதலும், மருத்துவர் இசைவின்றி வண்டி ஓட்டுதலும் கூடா. வீட்டார் முகம் நோக்கி, ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும். கேளாமையைப் பாராமுகமாகக் கொண்டு சினந்து, அவரை ஸ்விப்டின் தனிமைக்குத் தள்ளிவிடலாகாது.

ஆகவே அயல் ஊரில் மருத்துவர் முன் நிற்கும்போது, "மயக்கம்" என்ற ஒரு சொல்லோடு நில்லாதிருப்போம். நினைவு தப்பியதா, பொருள்கள் சுழன்றனவா? எத்தனை நாழிகை? காதில் இரைச்சல் உண்டா? எந்தக் காது, அல்லது இரண்டுமா? இவற்றைத் தமிழில் குறித்துவைத்து, அவ்வூர் மொழி அறிந்தவர் ஒருவரைக் கொண்டு எடுத்துரைப்போம். முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளையின் அறிகுறி. ஒரு கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றபடி சுழற்சி வந்தால், செவியையும் ஒருமுறை ஆய்ந்து பார்க்கும்படி மருத்துவரைக் கேட்போம். அவ்வொரு வினாவை 1861-க்கு முன் எழுப்புவாரின்றி எத்தனையோ பேர் வீணே குருதி சிந்தினர்.