குத்தகையும் சங்கமும்: குமரிக் கடற்கரையின் இரு நிர்வாகங்கள்

கடல் யாருக்கும் உரியதன்று, ஆகவே அதை ஒழுங்குபடுத்துவோரும் இல்லை என்ற கருத்து மீன்வள ஆய்வுகளில் நெடுங்காலம் நிலவியது. கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கரையின் வரலாறு இதற்கு மாறானது.

1544இல் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அடுத்த நூற்றாண்டுகளில் கடற்கரை ஊரும் பங்கும் ஏறத்தாழ ஒன்றாயின. பங்குத்தந்தை வழிபாட்டுக்குத் தலைமை ஏற்றார். ஊர் வழக்குகளையும் தீர்த்தார். கரைக்கு வந்த மீனில் ஒரு பகுதி ஆலயத்துக்குச் சென்றது. அதைத் தண்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது, அதுவே குத்தகை. ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமை சமயக் கடமை. விளைவில் அது வாராந்திர மீன்பிடித் தடை. ‘பங்கு’ என்னும் சொல் இங்கே ஆலய எல்லையையும் மீனில் பெறும் கூறையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமானதே.

1970களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியால் மீனவர் சங்கங்கள் பரவின. வணிகரிடம் கடன்பட்டவர் தம் மீனுக்கு விலை பேசும் உரிமையை இழந்திருந்தார். சங்கம் ஏலத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது; விற்ற தொகையில் கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்தது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இம்முறையை விரிவாக்கியது.

குத்தகையும் சங்கமும் செயல்பட்ட இடம் ஒன்றே: மீன் இறங்கும் மணல். அங்கே மீன் கண்ணுக்குத் தெரியும். எண்ணலாம், பிடித்தம் செய்யலாம். வேறுபாடு, பிடித்த தொகை எவர் கணக்கில் சேர்ந்தது என்பதில்தான்.

இருவரின் எல்லையும் அதுவே. விசைப்படகுகள் கரையோர நீரில் இழுவைமடி போட்டபோது ஊர் அளவிலான அதிகாரம் போதவில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் முதல் 3 கடல் மைல்களை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. ஆனால் மோதிய இரு தரப்பிலும் அதே மறைமாவட்டத்தின் மக்கள் இருந்தனர். ஆகவே சட்டம் வந்த பின்னரும் சமரசப் பேச்சில் அருட்பணியாளர்களின் இடம் மறையவில்லை.

எனவே மரபு நிறுவனம் விலக, நவீன நிறுவனம் அதனிடத்தில் அமர்ந்தது என்று கூற இயலாது. சங்கம் விற்பனையை ஆண்டது. ஆலயம் இணக்கத்தை ஆண்டது. அரசு எல்லையை வரைந்தது. மீன்வள நிர்வாகத்தை ஆராய்வோர் ‘எந்த நிறுவனம் சிறந்தது?’ என்பதற்கு முன், ‘எந்த விதி எந்த இடத்தில் செல்லுபடியாகிறது?’ என்று கேட்க வேண்டும்.