விழுந்தவரைத் தூக்குவது யார்? இத்தாலியரும் அமெரிக்கரும்

2022இல் இலங்கையில் எல்லோர் வாயிலும் அடிபட்ட சொல் 'வங்குரோத்து'. அதன் வேர் இத்தாலிய மொழியில் உள்ளது. 'பங்கா ரொட்டா' என்றால் உடைந்த வாங்கு. அந்தச் சொல்லைத் தந்த நாட்டில், கடன்பட்டு நொடிந்த வியாபாரி நீண்டகாலம் அவமானத்துடனேயே வாழவேண்டியிருந்தது. அவரது பெயர் பகிரங்கப் பதிவேட்டில் ஏறியது. ஐந்து ஆண்டுகள் வரை வாக்குரிமையும் பறிபோனது. 2006இல்தான் இவை நீக்கப்பட்டன.

அமெரிக்கர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். தொழிலில் தோற்றவர் மீண்டும் தொடங்க அங்கே சட்டமே வழிவிடுகிறது. 1978ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம், நிறுவனத்தை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்க இடமளிக்கிறது. 2009 ஏப்ரல் 30 அன்று கிறைஸ்லர் கார் நிறுவனம் இந்தப் பாதுகாப்பைக் கோரியது. சுமார் ஆறு வாரங்களில் புதிய நிறுவனமாக மீண்டது. அதில் 20 வீதப் பங்கைப் பெற்று நிர்வாகத்தை ஏற்றது இத்தாலியின் ஃபியட். 2014இல் கிறைஸ்லர் முழுமையாக ஃபியட்டின் கைக்கு வந்தது.

இதே காலத்தில் இரு நாட்டு வேலைமுறைகளும் இத்தாலியில் மோதிக்கொண்டன. ஃபியட்டின் தலைமை நிர்வாகி சேர்ஜியோ மார்க்கியோனே, நேப்பிள்ஸ் அருகேயுள்ள பொமிலியானோ தொழிற்சாலைக்கு 2010இல் தனி ஒப்பந்தம் கேட்டார். ஃபியோம் தொழிற்சங்கம் கையெழுத்திட மறுத்தது. அதனால் தொழிற்சாலைக்குள் பிரதிநிதிகளை வைத்திருக்கும் உரிமையை இழந்தது. 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் ஊழியர்களைக் காரணம் சொல்லாமலே வேலையால் நிறுத்தலாம். இத்தாலியின் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ, 15 பேருக்கு மேல் பணியாற்றும் இடங்களில் நியாயமின்றி நீக்கப்பட்டவரை மீண்டும் சேர்க்க வைத்தது. 2012, 2015 சீர்திருத்தங்கள் அதைத் தளர்த்தின.

இத்தாலியரின் மற்றைய பாதுகாப்பு குடும்பம். ஃபெரேரோ, பரில்லா போன்ற பெரிய நிறுவனங்களே குடும்பங்களின் கையில் இருக்கின்றன. இளைஞர்கள் சராசரியாக 30 வயதளவில்தான் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். வியாபாரத்திலும் முதலில் ஆளை அறிய விரும்புவார்கள், ஒப்பந்தம் பிறகுதான். இதற்கு ஒரு விலை உண்டு. தெரிந்தவர் இல்லாதவருக்குக் கதவு எளிதில் திறக்காது. சிபாரிசைக் குறிக்கும் 'ரக்கொமந்தாசியோனே' என்ற சொல்லை அங்கே பலர் கசப்புடன்தான் உச்சரிக்கிறார்கள்.

அமெரிக்கரின் சுதந்திரத்துக்கும் விலை உண்டு. பலருக்கு வேலை போனால் மருத்துவக் காப்புறுதியும் போய்விடும். இத்தாலியில் 1978இல் உருவான தேசிய சுகாதார சேவை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை தருகிறது.

இரு நாடுகளும் மற்றதன் பக்கம் சற்று நகர்ந்துள்ளன. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம், வேலைத்தலத்துக்கு வெளியே காப்புறுதி வாங்குவோரில் பலருக்கு அரச உதவி வழங்கியது. இத்தாலியில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டக்கோவை, தோல்வி என்றும் பொருள்தரும் 'ஃபல்லிமெந்தோ' என்ற சொல்லையே அகற்றி, 'நீதிமன்றக் கலைப்பு' என்ற தொடரை வைத்தது. நொடிந்தவர்மீது ஒட்டிக்கொள்ளும் அவமானத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.