சிம்மன்ஸ், பிலிப்

சிம்மன்ஸ், பிலிப் (1912–2009): அமெரிக்கக் கொல்லர், அலங்கார இரும்பு வேலைக் கலைஞர், ஆசான். தென் கரோலினா மாநிலத் துறைமுக நகரான சார்ல்ஸ்டனின் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் வாயிற்கதவு, வேலி, மாடக் கைப்பிடி, சன்னல் கம்பி என 500-க்கும் மேற்பட்ட வேலைகளைச் செய்தவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பழுதுபார்த்தவற்றையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள டேனியல் தீவில் 1912 ஜூன் 9 அன்று ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். எட்டு வயதில் படிப்புக்காக நகரத்துக்கு வந்தார்.

பள்ளிக்குப் போகும் வழியில் கப்பல் தச்சர், பீப்பாய் செய்பவர், குழாய் பொருத்துபவர், கொல்லர் எனப் பலரின் பட்டறைகள் இருந்தன. சிறுவன் ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தான். பொறி பறந்த இடமே பிடித்துப்போனது. 1925-இல், 13-ஆம் வயதில், கால்ஹூன் தெருக் கோடியில் உலை வைத்திருந்த பீட்டர் சிம்மன்ஸிடம் சேர்ந்தார். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். பீட்டர் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். தொழிலைத் தம் தந்தையிடம் கற்றவர். பட்டறையைக் கூட்டுவது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, நெருப்பு அணையாமல் பார்ப்பது, லாடம் அடிக்கும்போது குதிரையைப் பிடித்துக்கொள்வது ஆகியவையே புதுப்பையனின் முதல் பாடங்கள். சம்மட்டி கைக்கு வந்தது பிறகுதான்.

அக்காலத்தில் வேலை என்றால் லாடம், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா, துறைமுகத் தொழிலாளரின் கொக்கிகள். மோட்டார் வண்டிகள் பெருகியதும் இவை வற்றத் தொடங்கின. ஆனால் 1931-இல் சார்ல்ஸ்டன் தன் பழைய வட்டாரத்தைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதலாவது. பழைய வீடுகளைப் புதுப்பிக்கத் தொடங்கியவர்களுக்குத் துருப்பிடித்த கதவுகளைச் சரிசெய்ய ஆள் வேண்டியிருந்தது. லாடக் கொல்லர் அலங்காரக் கொல்லரானதன் பின்னணி இது.

முதல் அலங்காரக் கதவு, கிங் தெரு ஆடை வணிகர் ஜாக் கிராவ்செக்கின் கடைக்குச் செய்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆண்டில்தான் சிக்கல். இவர் அலங்கார வேலைக்கு வந்தது 1938-இல் என்பர். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால இரும்புத் தட்டுப்பாட்டால் அந்தக் கதவைப் பழைய இரும்பிலேயே அடித்தார் என்ற செய்தியும் உடன் வருகிறது. அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். இரண்டையும் ஒருசேர ஏற்பது கடினம். கதவு சில ஆண்டுகள் பிந்தியதாகலாம்.

சார்ல்ஸ்டனின் பழைய வேலைப்பாட்டில் நெளிசுருள்களே அதிகம். அவற்றைக் கற்றுத் தேர்ந்த பின் மீன், கொக்கு, பனை, இதயம் என உருவங்களைச் சேர்த்தது இவருடைய பங்கு. ஆரம்பத்தில் துண்டுகளைத் தறைந்தும் வளையமிட்டும் இணைத்தவர், பிற்காலத்தில் மின்பற்றவைப்புக்கு மாறினார். பழமை போயிற்றே என்று வருந்தியதாகத் தெரியவில்லை.

இவர் வேலைகளுள் தனித்துச் சொல்ல வேண்டியது ஈஸ்ட் பே தெருவில் கேட்ஸ்டன் இல்லத்திலுள்ள பாம்புக் கதவு (1960-களின் தொடக்கம்). விடுதலைப் போர்த் தலைவர் கிறிஸ்டபர் கேட்ஸ்டனின் கொடியில் இருந்த சங்கிலிக்கறுப்பன் பாம்பை, வாலில் கிலுகிலுப்பை உள்ள அமெரிக்க இனத்தை, நினைவூட்டுவது அது. உடலை வளைப்பது எளிதாயிருந்தது. கண்தான் படியவில்லை. முதலில் வைத்த கண் செத்த பாம்பின் கண்ணாகவே தோன்ற, உயிர் வரும்வரை மீண்டும் மீண்டும் செய்தார். கதவைத் தள்ளுபவரை அது இன்றும் முறைக்கிறது. அதில் ஆப்பிரிக்கக் கலை மரபின் தொடர்ச்சி உண்டு என்பது இவர் வாழ்க்கையை எழுதிய ஜான் மைக்கேல் விளாக் முதலியோரின் கருத்து. வீட்டுக்காரரின் வரலாறே போதிய விளக்கம் என்றும் கொள்ளலாம்.

1976-இல் வாஷிங்டன் நாட்டுப்புறக் கலை விழாவில் மக்கள் முன்னிலையில் ‘விண்மீன்–மீன்’ கதவைச் செய்தார். ஸ்மித்சோனியன் நிறுவனம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. விளாக்கின் நூல் 1981-இல் வந்தது. அடுத்த ஆண்டு, தேசிய மரபுக் கலைஞர் விருது தொடங்கப்பட்ட முதல் ஆண்டிலேயே, இவருக்கும் அளிக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் தம்மைப் பொதுக்கொல்லர் என்றே சொல்லிக்கொண்டார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதே கற்பித்தலில் இவர் கொள்கை. தாம் தொடங்கிய வயதிலேயே பிள்ளைகள் உலைக்கு வரவேண்டும் என்பார். உறவினர் இருவர் இவரிடம் பழகி, இவரது பிளேக் தெருப் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினர். 1989-இல் ஹியூகோ புயல் தாக்கியபின் பழைய கட்டடங்களைச் செப்பனிடக் கைவினைஞர் போதவில்லை. அந்தக் குறையிலிருந்து உருவான அமெரிக்கக் கட்டடக் கலைக் கல்லூரியில் இரும்பு வேலையும் ஒரு பாடம்.

1991-இல் இவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. இவர் வழிபட்ட ஆன்சன் தெரு புனித ஜான் தேவாலயத்தில் இதய வடிவக் கதவுகளுடன் ஒரு தோட்டம் உள்ளது. 2009 ஜூன் 22 அன்று, 97-ஆம் வயதில் காலமானார். பிளேக் தெரு வீடு இப்போது காட்சியகம். பெர்க்லி கவுண்டியில் இவர் பெயரில் பள்ளிகள் உள்ளன.